ஆஃப்-ரோடு வண்டிக்குள் டூல்ஸும் சாமான்களும் கட்டுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தார், ஜிம்னி, பழைய ஜிப்சி, கரடுமுரடான பாதைக்கென்று வாங்கும் எந்த வண்டியாக இருந்தாலும் சரி, வாங்கிய சில மாதங்களில் பின்பக்கம் தானாக நிரம்பிவிடும். டூல் பாக்ஸ், ஏர் கம்ப்ரசர், இழுவைக் கயிறு, அதை மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள், மண்வெட்டி, தண்ணீர் கேன், அடுப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் மாதக்கணக்கில் விசாரித்துச் செலவு செய்கிறவர்கள்கூட இந்தச் சாமான்களை அப்படியே தரையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தார்ச்சாலையில் வித்தியாசம் தெரியாது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறியவர்களுக்கு அந்தக் கல்பாதை உடம்பை எப்படிக் குலுக்கி எடுத்தது என்று நினைவிருக்கும். நமக்காவது கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கை உண்டு. பின்னால் கிடக்கும் டூல் பாக்ஸுக்கு அதுவும் இல்லை.

இந்த வேலையில் விதி இரண்டுதான். கனமான பொருள் எந்த நிலையிலும் இடம் பெயரக் கூடாது. ஆபத்தில் உதவும் பொருள் எந்த நிலையிலும் கைக்கு எட்ட வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இறுகக் கட்டினால் அவசரத்துக்கு எடுக்க முடியாது, எளிதில் எடுக்கிற மாதிரி வைத்தால் பிடிமானம் போதாது. எதற்கு எந்த விதி முந்தியது என்று பொருளுக்குப் பொருள் முடிவு செய்வதுதான் இதில் உண்மையான வேலை. பெல்ட் இழுப்பதும் போல்ட் முடுக்குவதும் அதற்கு அப்புறம்.

ஏன் இவ்வளவு அக்கறை

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே 50 கி.மீ. வேகத்தில் முன்னால் பறக்கும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது என்ன வேகமோ, அதே வேகம். அதாவது மூன்று மாடி உயரத்தில் இருந்து 20 கிலோ டூல் பாக்ஸ் ஒருவர் தலையில் விழுவதற்குச் சமம்.

கட்டியிருந்தாலும் எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மோதலில் வண்டி அரை மீட்டர் தூரத்துக்குள் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பொருளின் மீது வரும் விசை அதன் எடையைப் போல ஏறக்குறைய 20 மடங்கு. 20 கிலோ பெட்டி, 400 கிலோ பெட்டி போல இழுக்கும். சைக்கிள் கேரியரில் மாட்டுகிற ரப்பர் கொக்கிக் கயிறு இதைத் தாங்காது. மெல்லிய தகட்டில் முடுக்கிய ஸ்க்ரூவும் தாங்காது.

"நான் காட்டுக்குள் 10 கி.மீ. வேகத்தில்தானே போகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். காட்டுக்குப் போக நெடுஞ்சாலை வழியாகத்தான் போகிறோம், அங்கே வேகம் 80. அதோடு, ஆஃப்-ரோடில் வண்டி சாய்ந்து கவிழ்வது நடக்கிற வேகத்திலேயே நடக்கும். மெதுவாகக் கவிழ்கிற வண்டியில் சீட் பெல்ட் போட்டவருக்குக் காயமில்லாமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. பின்னால் இருந்து வரும் ஜாக்கியும் கேனும்தான் அந்த வாய்ப்பைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு பொருளைக் கட்டும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: வண்டி தலைகீழாக இருந்தால் இது இங்கேயே இருக்குமா?

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. வண்டியில் இருப்பதை எல்லாம் இறக்கித் தரையில் பரப்புங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் ஒவ்வொன்றையும் நிறுத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பம்பரைப் பிடித்து வண்டியை உயரத் தூக்கும் 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி மட்டும் ஏறத்தாழ 13 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. ஷாக்கிள், இழுவைக் கயிறு, மரத்தில் சுற்றும் பட்டை, கையுறை எல்லாம் சேர்ந்த ரிகவரி பை, அதாவது சிக்கிய வண்டியை மீட்கும் சாமான் பை, சாதாரணமாக 10 கிலோவைத் தொடும். கூட்டிப் பார்த்தால் பின்பக்கம் ஓர் ஆளுக்கு மேல் உட்கார்ந்திருப்பது தெரியும்.

இப்போது கழியுங்கள். பம்பரில் ஜாக்கி பிடிக்கும் இடமே இல்லாத, கம்பெனி பிளாஸ்டிக் பம்பர் வண்டிக்கு ஹை-லிஃப்ட் ஜாக்கி எதற்கு? அதைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, நல்ல பாட்டில் ஜாக்கி ஒன்றும் அதற்கு அடியில் போட ஒரு கனத்த மரப்பலகையும் புதியவருக்குப் போதும். இரண்டு செட் ஸ்பானர் இருந்தால் ஒன்றை வீட்டில் வையுங்கள். எந்த அளவு நட்டும் உங்கள் வண்டியில் இல்லையோ, அந்த ஸ்பானர் வண்டிக்குள் வேண்டாம். சாமான் குறைந்தால் கட்டும் வேலை பாதி முடிந்தது.

மிச்சம் இருப்பதை மூன்று குவியலாகப் பிரியுங்கள். சீட் பெல்ட் போட்டபடியே எடுக்க வேண்டியவை ஒன்று. ஏதாவது ஒரு கதவைத் திறந்து ஒரு நிமிடத்தில் எடுக்க வேண்டியவை இன்னொன்று. முகாம் போட்ட பிறகு நிதானமாக எடுக்கலாம் என்பவை கடைசி. முதல் குவியல் சின்னதாக இருக்கும்: தீயணைப்பான், பெல்ட் அறுக்கவும் கண்ணாடி உடைக்கவும் உதவும் கருவி, முதலுதவிப் பை, டார்ச். அவ்வளவுதான்.

எதை எங்கே வைப்பது

கனமானது கீழே, முடிந்தவரை முன்னால். பின்னிருக்கையின் முதுகை ஒட்டி, தரையோடு தரையாக. பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தின் பிடியைக் கொஞ்சம் குறைக்கும். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாவது அதனால்தான். இருக்கை முதுகை ஒட்டி வைத்த பெட்டிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அது ஓடி வந்து வேகம் பிடிக்க இடமே இருக்காது.

மேலே கேரியரில் லேசான பொருள் மட்டும் போகட்டும். கூடாரம், பாய், தார்பாய், காலியான கூடை. கேரியர் 100 கிலோ தாங்கும் என்று விற்பவர் சொல்லலாம், வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது வேறு. அது ஓனர் மேனுவலில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். கூரையில் ஏறும் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. பக்கவாட்டுச் சரிவில் வண்டி எந்தக் கோணத்தில் கவிழும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

ஜிம்னி ஐந்து கதவு வண்டியில் பின்னிருக்கை நிமிர்ந்திருக்கும்போது சாமான் இடம் 208 லிட்டர்தான். மூன்று கதவு தாரிலும் இதே நெருக்கடி. இடம் இல்லாதபோது எல்லோரும் செய்வது, ஜன்னல் உயரம் வரை அடுக்குவது. இருக்கை முதுகுக்கு மேலே போகும் எதுவும் முன்னால் இருப்பவரின் தலையைக் குறிவைத்து நிற்கிறது. அதற்கு மேல் அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இருக்கைக்கும் சாமானுக்கும் நடுவில் இரும்புக் கம்பி வலைத் தடுப்பு ஒன்று போட்டுவிடுங்கள். இரண்டு பேர்தான் போகிறீர்கள் என்றால் பின்னிருக்கையை மடக்கிவிட்டு, அந்த இடத்தைத் தாழ்வாகப் பரப்பிப் பயன்படுத்துவது அதைவிட நல்லது.

இந்த வண்டிகளுக்கே உரிய ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு இவற்றில் இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் மண்மேட்டில் இடித்துக்கொண்டு நின்றால் அந்தக் கதவு திறக்காது. வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றால், மேல்நோக்கித் திறக்க ஒருவரால் முடியாமல் போகும், அல்லது கீழ்நோக்கித் தானாக வீசித் திறந்து ஆளை அடிக்கும். சேற்றில் மாட்டிக்கொண்ட நேரத்தில், வெளியே இழுக்க உதவும் கயிறெல்லாம் திறக்க முடியாத கதவுக்குப் பின்னால் இருந்தால் என்ன பயன்? ஆகவே ரிகவரி பையைப் பின்பக்கத்தில் வைக்காதீர்கள். முன்பக்கப் பயணி இருக்கைக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில், இருக்கையின் அடிச்சட்டத்தோடு பெல்ட் போட்டு வையுங்கள். பக்கக் கதவு வழியாகவும் எடுக்கலாம், முன்னால் இருந்து கை நீட்டியும் எடுக்கலாம். மண்வெட்டியும் அப்படித்தான், பின்கதவைத் திறக்காமல் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

கொக்கி எங்கே மாட்டுவது

பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மாட்டியிருக்கும் இடத்தின் பலம்தான் கணக்கு. வண்டியோடு வந்த சாமான் கட்டும் வளையங்கள் இருந்தால் முதலில் அவற்றைத் தேடுங்கள். தரைவிரிப்புக்கு அடியிலும் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குள்ளும் ஒளிந்திருக்கலாம். மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். அவை போதாதபோது, பின்னிருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட் இருக்கும் இடங்களைப் பயன்படுத்தலாம். அந்த இடத்தில் உடலின் தகடு கனமாக இருக்கும். போல்ட்டைக் கழற்றி, வளையம் வைத்த ஒரு கனத்த பட்டையை அதற்கு அடியில் கொடுத்து, அதே தரமுள்ள, பட்டையின் தடிமனுக்கு ஏற்ப நீளம் கூடிய போல்ட்டால் முடுக்க வேண்டும்.

சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள். பல வண்டிகளில் அது சாதாரண மெட்ரிக் போல்ட் இல்லை, 7/16 அங்குல நுண்மரை போல்ட். ஹார்டுவேர் கடையில் கிடைத்ததை மாற்றிப் போட்டால் மரை கெடும், ஆளைக் காக்கும் பிடிமானமும் போகும். குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளுக்கும் இதே விதி. குழந்தை இருக்கை வைக்கிறவர்கள் அதில் சாமான் கட்டி வளைத்துவிடக் கூடாது.

புதிதாகத் துளை போட வேண்டி வந்தால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், வயரிங் எது எங்கே போகிறது என்று தெரியாமல் டிரில் மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது. இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. எம்8 ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்), 8.8 தர முத்திரை உள்ளது, அடிப்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கனத்த இரும்புத் தகடு, அதற்கு மேல் குலுக்கலில் எளிதில் தளராத நைலாக் நட். சின்ன வாஷர் மட்டும் போட்டால், பெரிய இழுவையில் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் மேலே வந்துவிடும். துளையின் விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ட் அடித்து, மேலே சீலன்ட் பூசுங்கள். ஆற்றைக் கடக்கிற வண்டியின் தரையில் வெறும் துளை விட்டால் இரண்டே மழைக்காலத்தில் அந்த இடம் உதிர ஆரம்பிக்கும்.

துளை போட மனம் வராதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பின்பக்கத் தரையின் வடிவத்துக்கு ஒரு ப்ளைவுட் பலகையை வெட்டி, அதை வண்டியின் சொந்த போல்ட் இடங்களில் நான்கு முனையிலும் பிடித்துவிடுங்கள். வேண்டிய இடத்தில் எல்லாம் வளையமும் பட்டையும் பலகையில் பொருத்திக்கொள்ளலாம். 12 மி.மீ. போதும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். ஐ.எஸ். 303 என்று போட்டிருப்பது பொது உபயோகப் பலகை, ஈரத்தில் அவ்வளவு நாள் வராது. வளையங்களைப் பலகையில் ஸ்க்ரூவால் பிடிக்காதீர்கள். போல்ட்டை அடியில் இருந்து கொடுத்து அகலமான வாஷரோடு முடுக்குங்கள். மேலே ரப்பர் விரிப்பு ஒன்றை ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. வழவழப்பான பலகையில் பெட்டி சறுக்குவதற்கும் ரப்பரில் சறுக்குவதற்கும் நிறைய வித்தியாசம், பெல்ட்டின் வேலையில் ஒரு பங்கை ரப்பரே செய்துவிடும்.

பெல்ட் வாங்குவது, கட்டுவது

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி சாமான் கடைகளில் ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பல் பல்லாக இறுக்கும் பெல்ட்) தாராளமாகக் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் லாரி நிற்கும் இடத்தைச் சுற்றிக் கேட்டால் கிடைக்கும். வண்டிக்குள் கட்ட 25 மி.மீ. அகலம் போதும். லாரிக்கான 50 மி.மீ. பெல்ட்டின் ராட்செட் பெரிது, கனம், கழற்றிப் போட்டால் அதுவே ஓர் ஆயுதம்.

லேபிளைப் படித்து வாங்குங்கள். பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெல்ட் அறுந்துபோகும் எடை. நாம் கணக்கில் எடுக்க வேண்டியது வேலைச் சுமை வரம்பு. பொதுவாக அது அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. 900 கிலோ என்று பளிச்சென்று எழுதியிருந்தால் 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்குப்படி 20 கிலோ பெட்டிக்கு 400 கிலோ இழுவை வரும், ஆகவே இப்படிப்பட்ட பெல்ட் இரண்டு வேண்டும். லேபிளே இல்லாத பெல்ட்டைத் தார்பாய் கட்டப் பயன்படுத்துங்கள்.

பாலியெஸ்டர் பெல்ட் நீளாது. நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் தளரும். காலையில் இறுக்கிய நைலான் கயிறு ஆற்றைத் தாண்டியபின் தொளதொளவென்று நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ராட்செட்டின் உருளையில் பெல்ட் குறைந்தது ஒன்றரைச் சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும், மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். அதற்கு, ராட்செட்டை ஆட்டத் தொடங்கும் முன் தளர்வு முழுவதையும் கையால் இழுத்துவிட வேண்டும். பெட்டிக்கு இரண்டு பெல்ட்டைக் குறுக்காகப் போடுங்கள். மேலிருந்து கீழ்நோக்கி இழுக்கிற மாதிரி இருக்கட்டும், அப்போதுதான் பெட்டி தரையோடு அமுங்கும். பெட்டியின் கூரான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் பழைய டயர் டியூபில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள். குலுக்கலில் விளிம்பு பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. மிச்ச வாலைச் சுருட்டி, பெல்ட்டுக்கு அடியில் செருகிவிடுங்கள்.

தண்ணீர் கேன், சாப்பாட்டுக் கூடை போன்ற அடிக்கடி எடுக்கும் பொருளுக்கு ராட்செட் வேண்டாம். கையால் இழுத்தாலே இறுகும், கட்டைவிரலால் அழுத்தினால் கழலும் கேம் பக்கிள் பெல்ட் போதும். பிளாஸ்டிக் கேனை ராட்செட்டால் இறுக்கினால் அது நசுங்கி மூடி கசியும்.

எலாஸ்டிக் கொக்கிக் கயிற்றைப் பற்றி: போர்வை, தலையணை, தூங்கும் பை ஆகியவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கனமான எதற்கும் அது கூடாது. மோதலில் அது நீண்டு பொருளை விட்டுவிடும். மாட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும்.

பெட்டியும் சுருள் பையும்

இரும்பு டூல் பாக்ஸ் பட்டறைக்கு நல்லது. வண்டிக்குள் அது சத்தம் போடும், மூலை குத்தும், மூடியின் தாழ்ப்பாள் ஒரு குலுக்கலில் திறக்கும். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவருக்கு என் தேர்வு கேன்வாஸ் சுருள் பை. தார்பாய் தைக்கும் கடையிலோ சீட் கவர் கடையிலோ அளவு கொடுத்தால் தைத்துத் தருவார்கள். ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஒரு குறுகிய பை, மேலே மடிந்து மூடும் ஒரு தொங்கல், கட்ட இரண்டு பட்டை. ஒன்றோடொன்று உரசாது, சத்தம் வராது, பயணி இருக்கைக்கு அடியில்கூட நுழையும். இன்னொன்று, காட்டில் வேலை முடித்து விரித்துப் பார்த்தால் எந்தப் பை காலி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இருட்டில் 12-ம் நம்பர் ஸ்பானரைப் புல்லுக்குள் விட்டுவிட்டு வரமாட்டீர்கள்.

சாக்கெட், சுத்தியல், கம்ப்ரசர் போன்றவற்றுக்கு மூடி இறுக்கமான கனத்த பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே இடைவெளி இருக்கக் கூடாது, பழைய யோகா விரிப்பை வெட்டி அடைத்துவிடுங்கள். ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சின்னப் பெட்டி எப்போதும் மேல். ஒருவர் தூக்கலாம், கட்டுவது எளிது, வண்டிக்குள் எடையைப் பிரித்தும் வைக்கலாம். பெல்ட் மூடிக்கு மேலே ஓட வேண்டும். கைப்பிடியில் மட்டும் பெல்ட் கோத்தால் முதலில் பிய்ந்து வருவது கைப்பிடிதான்.

இழுப்பறை வைத்த பெரிய அமைப்புகளை இணையத்தில் பார்த்து எல்லோருக்கும் ஆசை வரும். முதல் வருடம் வேண்டாம் என்பேன். அதன் எடையே 40, 50 கிலோவுக்குப் போகும். செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்கம் திறக்கும் இழுப்பறை, தாழ் பலமாக இல்லாவிட்டால் தானே திறந்து பின்கதவை உள்ளிருந்து முட்டும். எது அடிக்கடி தேவைப்படுகிறது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு செய்துகொள்ளலாம்.

தனிக் கவனம் வேண்டியவை

தீயணைப்பான்: 1 அல்லது 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் வகை, ஐ.எஸ். 15683 முத்திரையோடு. அதோடு கடையில் தரும் மெல்லிய கொக்கி வீட்டுச் சுவருக்கானது. வண்டிக்கு, உருளையை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை, ஒரே இழுப்பில் கழலும் பூட்டோடு வேண்டும். ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றாமல் எட்டும் இடம், பெரும்பாலும் பயணி இருக்கையின் முன் அடிப்பகுதி. ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு) இருந்தால் அதன் தூணில் மாட்டலாம். அளவுமானியின் முள் பச்சையில் இருக்கிறதா, பாதுகாப்பு ஊசி குலுங்கி நழுவாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பாருங்கள்.

எரிபொருள்: பெட்ரோல் கேனை ஆட்கள் உட்காரும் அறைக்குள் வைக்கக் கூடாது, எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும். வெயிலில் ஆவி அழுத்தம் ஏறும், கொஞ்சம் கசிந்தாலும் மூடிய வண்டிக்குள் அது தங்கும். அதற்கென்று செய்த உலோக ஜெர்ரி கேன், வெளியே பூட்டோடு கூடிய தாங்கி, கேனில் கொஞ்சம் காலி இடம். சமையல் காஸ் சிலிண்டரும் அப்படியே யோசிக்க வேண்டியது. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டிருக்க வேண்டும், இடுப்பிலும் தோளிலும் என இரண்டு பெல்ட் வேண்டும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ், கூடுதல் பேட்டரி: நிரம்பிய ஃப்ரிட்ஜ் 35 கிலோவைத் தாண்டும். நான்கு முனையும் கட்ட வேண்டும், கைப்பிடி இரண்டையும் மட்டும் கட்டினால் போதாது. பேட்டரியின் முனைகளுக்கு ரப்பர் மூடி இல்லாமல் அருகில் ஸ்பானர் எதுவும் இருக்கக் கூடாது.

கத்தி, கோடாரி, ரம்பம்: உறையோடு, பெட்டிக்குள். கண்ணில் படும்படி கிடந்தால் வனத்துறை செக்போஸ்டில் வீண் கேள்விகளும் வரும்.

ஓட்டுநரின் காலடி

சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் பெடல் இறங்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். ஏர் கேஜ், டார்ச், வாக்கி-டாக்கி, செருப்பு, எதுவும் வேண்டாம். அந்தப் பக்கத் தரைவிரிப்பும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். பாட்டில் வைக்கும் குழியில் ஆடாமல் நிற்காத பாட்டிலைப் பயணியிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது மூடி உள்ள பெட்டியில் போடுங்கள். டேஷ்போர்டின் மேல் ஏர்பேக் திறக்கும் இடத்தில் போன், கேமரா எதையும் ஒட்டாதீர்கள், ஏர்பேக் அதை முகத்துக்குத்தான் அனுப்பும்.

எடை மேடையும் ஒரு சோதனை ஓட்டமும்

எல்லாம் கட்டிய பிறகு, டேங்க் நிரப்பி, உடன் வருபவர்களையும் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உள்ள எடை மேடைக்குப் போங்கள். அரிசி ஆலை, கல் குவாரி இருக்கும் பக்கம் எல்லாம் ஒன்று இருக்கும், சின்னக் கட்டணம்தான். முழு வண்டியை ஒருமுறை எடை போடுங்கள், அப்புறம் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை. மொத்தத்தில் இருந்து அதைக் கழித்தால் பின் அச்சின் எடை. மேனுவலில் உள்ள வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் மறுபடியும் முதல் படிக்கு, சாமான்களைத் தரையில் பரப்ப.

அடுத்து, ஊருக்கு வெளியே ஒரு மோசமான மண் சாலையில் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து காதைக் கொடுக்கட்டும். கிணுகிணு என்றால் உலோகத்தோடு உலோகம், இடையில் ரப்பர் வேண்டும். தொப்பென்று விழும் சத்தம் என்றால் ஏதோ ஒன்று உயர எழும்பித் தரையில் உட்காருகிறது, பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரு சத்தத்தையும் விட்டுவைக்காதீர்கள். பின்னாளில் காட்டில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அது சாமானா வண்டியின் கோளாறா என்று உடனே பிரித்துச் சொல்ல இந்த அமைதி தேவை. ஆள் இல்லாத, தட்டையான மைதானம் கிடைத்தால் மணிக்கு 30 கி.மீ.யில் ஓட்டி முழு பிரேக் பிடித்துப் பாருங்கள். அதற்கு முன் பெட்டியின் விளிம்பைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள். கோட்டைவிட்டு விரல் அகலம் நகர்ந்திருந்தாலும் கட்டு போதாது.

பூட்டும் சட்டமும்

துணிக் கூரை வண்டிகளில் பிளேடு போதும் உள்ளே நுழைய. விலை உயர்ந்த பெட்டியின் கைப்பிடி வழியாக இரும்புக் கேபிளை ஓட்டி வளையத்தில் பூட்டிவிடுங்கள், மேலே கறுப்பு நிற விரிப்பைப் போட்டு மூடுங்கள். நகரத்தில் இரவு நிறுத்துவதாக இருந்தால் சாமானை அறைக்கு எடுத்துப்போவதுதான் சரி. ரிகவரி பை, தீயணைப்பான் தவிர.

பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு நிரந்தரப் பெட்டி அமைப்பது பலர் செய்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இருக்கை எண்ணிக்கை அந்த விவரங்களில் ஒன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. போல்ட்டைத் தளர்த்தினால் பழையபடி ஆகிவிடும் பலகை, பெட்டி, பெல்ட் இவற்றோடு நிறுத்திக்கொண்டால் தொல்லை இல்லை.

பயணத்தின்போதும் திரும்பிய பிறகும்

கிளம்பி முதல் 10, 15 கி.மீ.க்குள் ஒருமுறை நிறுத்தி எல்லா பெல்ட்டையும் தட்டிப் பாருங்கள். சாமான் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும், இன்னும் ஓரிரு பல் இறுக்க வேண்டி வரும். அப்புறம் கல்பாதை, ஆறு, செங்குத்து இறக்கம், ஒவ்வொன்றும் முடிந்ததும். டயரில் காற்றைக் குறைக்க நிற்கும்போதும் திரும்ப ஏற்ற நிற்கும்போதும் இதைச் செய்வது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது. எடுத்த பொருளைத் திரும்பக் கட்டாமல் வண்டியை நகர்த்தாதீர்கள், "அங்கே வரைக்கும்தானே" என்று யார் சொன்னாலும். உடன் வரும் எல்லோருக்கும் எது எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்று கிளம்பும் முன்பே ஒருமுறை செய்து காட்டுங்கள். அவசரத்தில் தீயணைப்பானை எடுக்க வேண்டியவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

திரும்பியதும் பெல்ட்களை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். சேற்றில் உள்ள மணல் நூலுக்குள் இருந்து அறுக்கும், வெயில் நூலை மக்க வைக்கும். ராட்செட்டின் பல்லுக்கும் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பெல்ட்டில் படாமல். பெல்ட்டின் முழு நீளத்தையும் விரல்களுக்கு இடையே ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் வெட்டு, விறைப்பு, தையல் பிரிவு, உருகிய தடம், இதில் ஏதாவது ஒன்று தென்பட்டால் அந்த பெல்ட்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி கட்டுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை தரைப் பலகையைத் தூக்கி, அடியில் ஈரமும் துருவும் பார்த்து, எல்லா நட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்கிவிடுங்கள்.